விடை எத்தனை மடங்கு தப்பியிருக்கிறது? அலகுப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி

"சார், ஃபார்முலா கரெக்டாத்தான் போட்டேன். ஆன்சர்தான் வரமாட்டேங்குது."

மாலை வகுப்பில் இதைக் கேட்காத நாள் எனக்கு இல்லை. நோட்டை வாங்கிப் பார்த்தால் அந்தப் பிள்ளை சொல்வது பெரும்பாலும் உண்மைதான். சூத்திரம் சரி, பெருக்கல் சரி, வகுத்தல் சரி. எங்கோ ஒரு சென்டிமீட்டர் மீட்டராக மாறாமலே கணக்குக்குள் புகுந்திருக்கும். அதற்குள் கையில் ரப்பர் வந்துவிடும், மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட. அங்கேதான் நான் தடுப்பேன். பிழை எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தத் தப்பான விடைதான். அதை ஏன் அழிக்க வேண்டும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் விடையையும் புத்தகத்தில் உள்ள விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெரியதைச் சின்னதால் வகுங்கள். 3.6, 9.8, 57.3, 1000 என்று ஏதாவது தெரிந்த முகம் வரும். ஒவ்வோர் எண்ணும் ஒரு குறிப்பிட்ட பிழையைக் காட்டிக்கொடுக்கும். உங்களுக்கு வந்த எண் எது என்று கீழே தலைப்புகளில் பார்த்து நேராக அங்கே போங்கள். புத்தகத்தில் விடையே கொடுக்கவில்லை என்றால் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

3.6 மடங்கு, அல்லது 12.96 மடங்கு

மணிக்கு 72 கி.மீ வேகத்தில் போகும் பஸ், பிரேக் பிடித்ததும் 4 மீ/வி² வீதத்தில் வேகம் குறைகிறது. நிற்க எத்தனை வினாடி ஆகும்? அதற்குள் எவ்வளவு தூரம் ஓடும்?

72ஐ அப்படியே போட்டால் 72 ÷ 4 = 18 வினாடி. சரியான விடை 5 வினாடி. விகிதம் 3.6. ஒரு மணி நேரத்தில் 3600 வினாடி, ஒரு கிலோமீட்டரில் 1000 மீட்டர்; அந்த 3600 ÷ 1000 தான் இது. மாற்றும்போது எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுங்கள்:

72 கி.மீ/மணி = 72 × 1000 மீ ÷ 3600 வி = 20 மீ/வி

தூரத்துக்கு வாருங்கள். வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். மாற்றாமல் போட்டால் 72 × 72 ÷ 8 = 648 மீட்டர். மாற்றிப் போட்டால் 20 × 20 ÷ 8 = 50 மீட்டர். விகிதம் 12.96, அதாவது 3.6இன் வர்க்கம். வேகம் வர்க்கமாக வரும் இடத்தில் பிழையும் வர்க்கமாகும்.

இந்த 12.96 இன்னொரு வழியிலும் வரும். 3.6ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டால், 72 கி.மீ/மணி என்பது 259.2 மீ/வி ஆகிவிடும். பஸ் நிற்க 64.8 வினாடி என்று விடை வரும். அதை 5ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 12.96. ஆக, நிற்கும் தூரம், இயக்க ஆற்றல் போன்ற வர்க்கம் வரும் கணக்கில் 12.96 வந்தால் மாற்றவே மறந்திருக்கிறீர்கள். வர்க்கம் இல்லாத கணக்கில் வந்தால் தலைகீழாக மாற்றியிருக்கிறீர்கள். பெருக்கவா வகுக்கவா என்ற சந்தேகம் பரீட்சை நேரத்தில் எல்லோருக்கும் வரும். மணிக்கு 18 கி.மீ என்றால் வினாடிக்கு 5 மீட்டர், கொஞ்சம் வேகமாக மிதித்த சைக்கிள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் 36க்கு 10, 54க்கு 15, 90க்கு 25 என்று மற்றவை தானாக வரும்.

100 மடங்கு, 10,000 மடங்கு, 10 லட்சம் மடங்கு

நான்கு கால் ஸ்டூல் மேல் 60 கிலோ நிறையுள்ள ஒருவர் நிற்கிறார். ஒவ்வொரு காலின் அடிப்பரப்பும் 4 செ.மீ². தரையில் எவ்வளவு அழுத்தம்? ஈர்ப்பு முடுக்கம் 9.8, ஆகவே விசை 60 × 9.8 = 588 நியூட்டன். மொத்தப் பரப்பு 16 செ.மீ². இதை 0.16 மீ² என்று எழுதிவிட்டு 3,675 பாஸ்கல் என்று முடிப்பவர்கள்தான் அதிகம். சரியான பரப்பு 0.0016 மீ², சரியான அழுத்தம் 3,67,500 பாஸ்கல். விகிதம் 100.

மனதுக்குள் நடப்பது என்னவென்றால், "சென்டி என்றால் நூறு" என்ற நினைப்பு அந்தச் சின்ன 2ஐப் பார்க்க விடாமல் தடுக்கிறது. தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, அதைச் சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரிப்பதாக நினையுங்கள். நூறு வரிசை, வரிசைக்கு நூறு கட்டம். 10,000. இதையே கன அளவுக்குச் செய்தால் நூறு அடுக்கு, ஆக 10 லட்சம். எனவே விகிதம் 100 வந்தால் பரப்பில் ஒரு நூறை விட்டிருக்கிறீர்கள், அல்லது நீளத்தை மாற்றவே இல்லை. 10,000 வந்தால் பரப்பை மாற்றவே இல்லை, அல்லது கன அளவில் ஒரு நூறு மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

அடர்த்தியில் இது விசித்திரமாக ஆயிரமாக வரும். மேலே கிராமைக் கிலோவாக்க ஆயிரத்தால் வகுக்கிறோம், கீழே 10 லட்சம், இரண்டும் சேர்ந்து ஆயிரம். தங்கம் 19.3 கிராம்/செ.மீ³, அதாவது 19,300 கி.கி/மீ³. இதைச் சரிபார்க்க மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிரம்பினால் ஒரு கனமீட்டர் தண்ணீர், ஆயிரம் கிலோ, ஒரு டன். தண்ணீரின் அடர்த்தி 1 கிராம்/செ.மீ³ என்பதும் 1000 கி.கி/மீ³ என்பதும் ஒரே தொட்டிதான்.

விகிதம் 4 அல்லது 8 வந்தால் அலகைத் தேட வேண்டாம். கேள்வியில் விட்டம் கொடுத்திருப்பார்கள், நீங்கள் ஆரம் என்று போட்டிருப்பீர்கள். வட்டத்துக்கு 4, கோளத்துக்கு 8.

சரியாக 10 மடங்கு

எண்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, தசமப் புள்ளி மட்டும் ஓர் இடம் நகர்ந்திருக்கிறது. கால்குலேட்டர் வைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 3 × 10⁸ என்று போட, "3, பெருக்கல், 10, எக்ஸ்ப், 8" என்று அழுத்துகிறார்கள். எக்ஸ்ப் என்ற பொத்தானுக்குள்ளேயே "× 10இன் அடுக்கு" இருக்கிறது. நீங்கள் தனியாக ஒரு பத்தைப் பெருக்கியதால் 3 × 10⁹ ஆகிவிட்டது. "3, எக்ஸ்ப், 8" போதும். லாக் டேபிள் வைத்துச் செய்தவர்கள், தசமப் புள்ளிக்கு முன்னால் வரும் முழு எண்ணைச் சரிபாருங்கள். அட்டவணையிலிருந்து எடுத்த இலக்கங்களில் பிழை இருந்தால் விடையின் இலக்கங்களே மாறியிருக்கும். அவை சரியாக இருப்பதால் பிழை அந்த முழு எண்ணில்தான்.

புள்ளியியலில் பத்து மடங்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. நாம் லட்சம், கோடியில் எண்ணுகிறோம். இணையத்தில் எடுக்கும் அட்டவணை மில்லியனில் இருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7.21 கோடி. அது 72.1 மில்லியன். பரப்பு ஏறத்தாழ 1,30,058 ச.கி.மீ. வகுத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 555 பேர். 7.21ஐ மில்லியன் என்று எடுத்துக்கொண்டவருக்கு 55 பேர்தான் கிடைப்பார்கள். ஒரு கோடி பத்து மில்லியன், பத்து லட்சம் ஒரு மில்லியன் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

9.8 மடங்கு, அதைவிட ஆபத்தான 2 சதவீதம்

9.8 வந்தால் நிறையை எடை என்று போட்டிருக்கிறீர்கள். கடையில் "அஞ்சு கிலோ எடை" என்றுதான் பேசுகிறோம், அதனால் இது இயல்பான பிழை. இயற்பியலில் கிலோகிராம் நிறைக்கு. எடை ஒரு விசை, அது நியூட்டனில்தான் வரும். கேள்வியில் கிலோகிராம் என்று எழுதி, சூத்திரம் விசை கேட்டால் 9.8 எங்கே என்று தேடுங்கள். இது எளிது.

எளிதல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருடம் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்தக் கணக்கோடு வந்தாள். ஒரு சுருள்வில்லில் 200 கிராம் தொங்கவிட்டால் 4 செ.மீ நீள்கிறது. வில்லின் சுருள் மாறிலி, அதாவது ஒரு மீட்டர் நீட்சிக்கு எத்தனை நியூட்டன் விசை, என்ன? அவள் விடை 50. புத்தகத்தில் 49 நியூட்டன்/மீட்டர். "ரவுண்ட் பண்ணதுல வந்த வித்தியாசம்தானே சார்?" என்று கேட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

அவள் செய்திருந்தது 200 ÷ 4 = 50. கிராமும் மாறவில்லை, சென்டிமீட்டரும் மாறவில்லை, 9.8ஆல் பெருக்கவும் இல்லை. மூன்று பிழை. ஆனால் கிராமுக்கு ஆயிரம், சென்டிமீட்டருக்கு நூறு, ஈர்ப்புக்கு 9.8, மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் 0.98 என்ற காரணி மட்டும் மிஞ்சுகிறது. 50 × 0.98 = 49. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்ளச் சொல்லும் புத்தகமாக இருந்தால் விடை அச்சுப் பிசகாமல் 50 என்றே வந்திருக்கும், அவளும் டிக் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பாள்.

அடுத்த கணக்கில்தான் அது வெடிக்கிறது. அதே வில்லில் அதே 200 கிராமை இழுத்து விட்டால் அலைவு நேரம் என்ன? 2 × பை × √(நிறை ÷ மாறிலி). அவள் போட்டது √(200 ÷ 50) = 2, விடை 12.57 வினாடி. ஒரு சாண் வில் ஒரு தடவை மேலும் கீழும் ஆட பன்னிரண்டு வினாடியா? சரியானது √(0.2 ÷ 49), விடை 0.40 வினாடி. விகிதம் 31.3. இந்த எண்ணை எந்த அட்டவணையிலும் பார்த்ததில்லையே என்று தோன்றும். வர்க்கப்படுத்துங்கள்: 980. ஆயிரமும் 0.98உம். முதல் கணக்கில் ஒளிந்திருந்தது இங்கே வெளியே வந்துவிட்டது. சூத்திரத்தில் வர்க்கமூலம் இருந்தால் விகிதத்தை வர்க்கப்படுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பதை நானே அந்தப் பெண்ணின் நோட்டிலிருந்துதான் அழுத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.

ஆகவே 2 சதவீத வித்தியாசத்தை உடனே மன்னிக்காதீர்கள். 9.8க்குப் பதில் 10 போட்டதால் 2 சதவீதம் வந்திருந்தால் சரி. கணக்கில் 10 என்று நீங்கள் எங்கேயும் போடவில்லை என்றால் அலகுகளை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள்.

2.2 மடங்கு

பவுண்டும் கிலோகிராமும் மாறிவிட்டன. ஒரு கிலோ 2.2046 பவுண்டு. நம் பாடப்புத்தகத்தில் இது குறைவு, வெளிநாட்டுப் புத்தகக் கணக்குகளில் அடிக்கடி வரும். இந்தப் பிழையின் விலை தெரிய 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், போயிங் 767, மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்டது. நாடு பவுண்டிலிருந்து கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. தொட்டியில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரைக் கிலோவாக்க 0.803ஆல் பெருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் 1.77ஆல் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கணக்கு இப்படிப் போனது:

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917 லிட்டர்

கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. நானும் நீங்களும் சரிபார்த்தாலும் சரி என்றே சொல்வோம். ஆனால் 13,597 பவுண்டை 22,300 கிலோவிலிருந்து கழித்திருக்கிறார்கள். சரியாகப் போட்டிருந்தால் ஊற்ற வேண்டியது 20,088 லிட்டர். விமானம் 41,000 அடி உயரத்தில் இருந்தபோது எரிபொருள் தீர்ந்தது. விமானி பாப் பியர்சன், எஞ்சின் இல்லாமலேயே சறுக்கிக்கொண்டு வந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

அந்த மூன்று வரியையும் மறுபடி பாருங்கள். பவுண்டா கிலோவா என்று எங்கேயும் எழுதப்படவில்லை. முதல் வரியில் "13,597 பவுண்டு" என்று ஒரு சொல் இருந்திருந்தால் இரண்டாவது வரியில் பேனா தானாக நின்றிருக்கும். நோட்டில் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுது என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

60, 3600, 746, 36 லட்சம்

இவை நேரமும் மின்சாரமும். 1500 வாட் ஹீட்டர் 20 நிமிடம் ஓடினால் 1.5 × 20 = 30 யூனிட் என்று வந்தால் நிமிடத்தை மணியாக்கவில்லை; சரியான விடை அரை யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி, 36 லட்சம் ஜூல். ஜூலில் கேட்டதற்கு யூனிட்டில் எழுதினால் 36 லட்சம் மடங்கு. 746 வந்தால் ஹெச்.பி.யை வாட்டாக மாற்றவில்லை. 5 ஹெச்.பி மோட்டார் 30 மீட்டர் ஆழத்திலிருந்து, இழப்பு ஏதும் இல்லாமல், எவ்வளவு தண்ணீர் இறைக்கும் என்றால் 3,730 ÷ (9.8 × 30), வினாடிக்குச் சுமார் 12.7 கிலோ, நிமிடத்துக்கு 761 லிட்டர்.

இந்தக் கணக்கில் அந்த அடைப்புக்குறி முக்கியம். கால்குலேட்டரில் 3730 ÷ 9.8 × 30 என்று தட்டினால் 30ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடும். விகிதம் 900 வரும். வந்த விகிதம் கணக்கில் உள்ள ஓர் எண்ணின் வர்க்கமாக இருந்தால் அலகை விட்டுவிட்டு அடைப்புக்குறியைப் பாருங்கள்.

57.3 மடங்கு, அல்லது காரணமில்லாமல் மைனஸ்

ஒரு ரேடியன் சுமார் 57.3 டிகிரி; 57.3 வந்தால் கோணத்தில் இந்த இரண்டும் மாறிவிட்டன. 30 டிகிரி கோணத்தில் எறிந்த பந்து தரைக்குக் கீழே போகிறது என்றால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. சைன் 30 என்று தட்டி 0.5 வருகிறதா பாருங்கள். −0.988 வந்தால் டிகிரிக்கு மாற்றுங்கள். சுழற்சிக் கணக்கில் 9.55 வந்தால் நிமிடச் சுற்றுகளை ரேடியன்/வினாடியாக்கவில்லை. நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் மின்விசிறி வினாடிக்கு 31.4 ரேடியன்.

வெப்பநிலைக் கணக்கில் விகிதம் எதற்கும் பொருந்தவில்லை

இங்கே வகுத்துப் பார்ப்பது உதவாது. மற்ற அலகுகளில் பூஜ்யம் எல்லாருக்கும் ஒரே பூஜ்யம். பூஜ்ய மீட்டர் பூஜ்ய அடிதான். வெப்பநிலையில் செல்சியஸுக்கு ஒரு பூஜ்யம், கெல்வினுக்கு ஒன்று, ஃபாரன்ஹீட்டுக்கு இன்னொன்று. அதனால் பெருக்கினால் மட்டும் போதாது, கூட்டவும் வேண்டும்.

மூடிய பாத்திரத்தில் வாயுவை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 54 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் இரு மடங்காகும் என்று எழுதுவார்கள். கெல்வினில் அது 300லிருந்து 327. அழுத்தம் 1.09 மடங்குதான்.

இதைத் திருத்தியதும் எல்லா இடத்திலும் 273 கூட்டத் தொடங்குவார்கள், அது அடுத்த பிழை. ஒரு லிட்டர் தண்ணீரை 30லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 1 × 4200 × 70 = 2,94,000 ஜூல். 70 என்பது வித்தியாசம். செல்சியஸில் 70 என்றால் கெல்வினிலும் 70. அதோடு 273 சேர்த்து 343 என்று போட்டால் விடை 4.9 மடங்கு பெருக்கும். காய்ச்சல் 98.6லிருந்து 102.2 ஃபாரன்ஹீட்டுக்கு ஏறினால் ஏற்றம் 3.6, செல்சியஸில் 2 டிகிரி, வெறும் 1.8ஆல் வகுத்தால் போதும். 3.6ஐச் சூத்திரத்தில் போட்டு 32ஐக் கழித்தால் −15.8 என்று வரும், காய்ச்சல் ஏறியதால் உடம்பு உறைந்துபோனது மாதிரி.

வெப்பநிலை என்றால் 273, 32 எல்லாம் உண்டு. வெப்பநிலை வித்தியாசம் என்றால் கிடையாது. புள்ளியியலில் பாதிச் சிக்கல் இந்த வரியிலேயே தீர்ந்துவிடும்.

சராசரி சரி, திட்ட விலக்கம் மட்டும் தப்பு

ஐந்து நாள் வெப்பநிலை 30, 32, 34, 36, 38 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 34, விலக்க வர்க்கச் சராசரி 8, திட்ட விலக்கம் 2.83. ஃபாரன்ஹீட்டில் சொல் என்றால்? சராசரி ஒரு வெப்பநிலை, ஆகவே 34 × 1.8 + 32 = 93.2. திட்ட விலக்கம் என்பது சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது, அதாவது வித்தியாசம். ஆகவே 2.83 × 1.8 = 5.09, 32 கூட்டக் கூடாது. விலக்க வர்க்கச் சராசரிக்கு 1.8இன் வர்க்கம் 3.24, 8 × 3.24 = 25.92. உங்கள் விடை 32 கூடுதலாக இருந்தால், அல்லது 1.8 மடங்கு குறைவாக இருந்தால், காரணம் இங்கே.

இதையே உயரத்தில் பார்த்தால், அங்குலத்தை செ.மீ ஆக்கும்போது சராசரிக்கும் திட்ட விலக்கத்துக்கும் 2.54, விலக்க வர்க்கச் சராசரிக்கு 6.45. அதன் அலகு செ.மீ² என்று எழுதிப் பழகினால் வர்க்கம் மறக்காது.

மாறுபாட்டுக் கெழு, அதாவது திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது, மட்டும் தனிக் கதை. அங்குலத்தில் கண்டாலும் செ.மீ-இல் கண்டாலும் ஒரே சதவீதம். மேலும் கீழும் அதே 2.54 அடிபட்டுப் போகிறது. மேலே சொன்ன ஐந்து நாளுக்குச் செல்சியஸில் 8.3 சதவீதம், ஃபாரன்ஹீட்டில் 5.5 சதவீதம். வெயில் அதேதான், நாளும் அதேதான். என் கருத்தில் செல்சியஸ் வெப்பநிலைக்கு மாறுபாட்டுக் கெழு கேட்கும் கேள்வியே சரியில்லை. கேட்டால் கொடுத்த அலகிலேயே கண்டுபிடியுங்கள், மாற்றாதீர்கள்.

உயரமானவர்கள் எல்லாம் குள்ளமாகிவிட்டார்கள்

வகுப்பில் ஐந்து பேர் உயரம் கேட்டு எழுதிய தாள்: 5.2, 5.10, 5.6, 5.4, 5.11. எக்செலில் தட்டினால் 5.10 உடனே 5.1 ஆகிவிடும். வரிசைப்படுத்தினால் ஐந்தடி பத்தங்குலக்காரரும் ஐந்தடி பதினொன்றுக்காரரும் முதல் இரண்டு இடத்தில், எல்லாரையும்விடக் குள்ளமாக நிற்பார்கள். சராசரி 5.28 அடி, அதாவது 161 செ.மீ. இடைநிலை அளவு 5.2.

அங்குலத்தில் எழுதுங்கள்: 62, 70, 66, 64, 71. கூட்டினால் 333, சராசரி 66.6 அங்குலம், 169 செ.மீ. இடைநிலை அளவு 66, ஐந்தடி ஆறு. எட்டு சென்டிமீட்டர் காணாமல் போனது ஒரு புள்ளியால். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் ஒரு பங்கு. "அஞ்சு புள்ளி ஆறு" என்று நாம் வாயால் சொல்வது ஐந்தடி ஆறங்குலம், கணக்குக்கு அது 5.5 அடி.

நேரத்திலும் இதேதான். இரண்டரை மணி நேரத்தை 2.30 என்று எழுதி அதாலேயே வகுத்தால் வேகம் 1.087 மடங்கு கூடிவிடும். 2.5 என்று போடுங்கள். கணக்கில் நிமிடம் இருந்தால் முதல் வேலையாக அதை 60ஆல் வகுத்துவிடுங்கள்.

திட்ட விலக்கம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது

அதே ஐந்து உயரங்கள். விலகல்களின் வர்க்கக் கூடுதல் 59.2. ஐந்தால் வகுத்தால் திட்ட விலக்கம் 3.44, நான்கால் வகுத்தால் 3.85. விகிதத்தை வர்க்கப்படுத்துங்கள், 1.25 வரும், 5 ÷ 4. பத்து பேர் என்றால் 10 ÷ 9 வரும். பத்தாம் வகுப்பில் மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். கல்லூரியில், கையில் இருப்பது ஒரு கூறு (மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு பகுதி) மட்டும் என்றால், ஒன்று குறைத்து வகுக்கச் சொல்வார்கள். எக்செலில் பி என்று முடியும் சூத்திரம் முதல் வகை, எஸ் என்று முடிவது இரண்டாவது.

சராசரி வேகம் 50 வருகிறது, புத்தகத்தில் 48

போகும்போது மணிக்கு 60 கி.மீ, அதே வழியில் திரும்பும்போது 40. கூட்டி இரண்டால் வகுத்தால் 50. மெதுவாக வந்த பயணத்துக்கு அதிக நேரம் ஆகியிருக்கிறது, அதற்கு எடை அதிகம். தூரம் 120 கி.மீ என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். போக 2 மணி, வர 3 மணி. 240 ÷ 5 = 48. இசைச் சராசரி சூத்திரம் மறந்துபோனாலும் இப்படிப் போட்டுவிடலாம்.

ஒப்பிட விடையே இல்லை

பரீட்சையில் இதுதான் நிலைமை. அப்போது இரண்டு காரியம் செய்யுங்கள்.

முதலில் எண்களை மூடிவிட்டு அலகுகளை மட்டும் கணக்குப் போடுங்கள். பஸ் கணக்கில் வேகத்தின் வர்க்கம் மீ²/வி², முடுக்கம் மீ/வி². வகுத்தால் வினாடி அடிபட்டு மீட்டர் மிஞ்சுகிறது. கேட்டது தூரம், கிடைத்தது மீட்டர், சரி. கி.மீ/மணியை மாற்றாமல் போட்டிருந்தால் கி.மீ²/மணி²ஐ மீ/வி²ஆல் வகுத்து எதுவும் அடிபடாமல் ஒரு குவியல் நிற்கும். அது நிற்கும்போதே மாற்ற வேண்டியது எது என்று தெரிந்துவிடும். சூத்திரத்தில் ஓர் அடுக்கை விட்டிருந்தாலும் இதில் மாட்டும். ஆனால் 2 × பை போன்ற அலகில்லாத எண் விட்டுப்போனால் இதில் தெரியாது. அதற்குச் சூத்திரத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம், வந்த விடையை உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேகமாக நடந்தால் வினாடிக்கு ஒன்றரை மீட்டர். ஒரு மாடி உயரம் மூன்று மீட்டர். காற்றழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல். ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ சொச்சம். திட்ட விலக்கம் என்றால், மதிப்புகளின் மிகப் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைத் தாண்டவே முடியாது (மொத்த எண்ணிக்கையால் வகுத்திருந்தால்). தாண்டினால் எங்கோ அலகு கலந்திருக்கிறது. பிரேக் பிடித்த பஸ் 648 மீட்டர் ஓடியது என்று எழுதும்போது, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து 648 மீட்டர் என்றால் எந்தக் கடை வரை என்று ஒரு நொடி நினைத்தால் போதும், பேனா தானாக 72க்குத் திரும்பிப் போகும்.